ஜப்பான் நாட்குறிப்பு: பிவா ஏரிக்கரையில் இரண்டு கோட்டைகள்

நேற்று ஹிமெஜியில் நின்றபோது எழுந்த ஒரு கேள்விக்கு இன்று விடை தேடிப் போனோம். உயர்ந்த கல்மேடை, அதன்மேல் அடுக்கடுக்காய் ஏறும் கூரைகள், உச்சியில் சின்னதாய் ஒரு மாடம். ஜப்பானியக் கோட்டை என்றதும் கண்முன் வரும் இந்த உருவம் எங்கே பிறந்தது? அதற்கு முன்பும் இங்கே கோட்டைகள் இருந்தன. மலையுச்சியில் மண்ணை வெட்டிச் சரித்து, மரவேலி அடித்து, போர் வந்தால் ஏறிப் பதுங்கிக்கொள்ளும் இடங்களாகத்தான் அவற்றில் பெரும்பாலானவை இருந்தன. பார்ப்பவர் அண்ணாந்து திகைக்க வேண்டும், ஆள்பவர் அதிலேயே குடியிருக்கவும் வேண்டும் என்ற எண்ணம் முழு உருவம் பெற்றது அஸூச்சியில். கட்டியவர், சிதறிக் கிடந்த ஜப்பானைப் போரிட்டு ஒரு குடைக்கீழ்க் கொண்டுவர முயன்ற படைத்தலைவர் ஒடா நொபுனாகா. வேலை தொடங்கிய ஆண்டு 1576.

கியோட்டோவில் வேலை பார்க்கும் தம்பிக்கு இன்று விடுமுறை. "அக்கா, முன்னாடியே சொல்லிடறேன். அங்க கோட்டை கிடையாது. மலையும் படிக்கட்டும்தான்" என்றான். அதனால் மதியத்துக்கு மேல் ஹிகோனேயையும் சேர்த்துக்கொண்டோம். அங்கே 400 ஆண்டுப் பழைய மரக்கோட்டை அப்படியே நிற்கிறது. இரண்டு ஊரும் ஒரே ரயில் பாதையில், பிவா ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. ஒரே நாளில் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இந்த வரிசையில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. வெறும் கல்லை முதலில் பார்த்துவிட்டுப் போனால், நிற்கிற மரத்தின் அருமை தெரியும்.

காலை, அஸூச்சி

கியோட்டோவிலிருந்து பிவாகோ லைன் விரைவு ரயிலில் ஓமி-ஹாச்சிமான் வரை முக்கால் மணிநேரம்கூட ஆகவில்லை. அங்கே எல்லா ஊரிலும் நிற்கும் ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே அஸூச்சி. ஸ்டேஷன் வாசலில் நொபுனாகாவின் சிலை. எதிரே வாடகை சைக்கிள். நடந்தால் அரைமணிநேரத்துக்குச் சற்றுக் குறைவுதான். நாங்கள் சைக்கிள் எடுத்தோம், இறங்கியபின் அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டியிருந்ததால்.

அறுவடை முடிந்த வயல்களில் தாளடியிலிருந்து மறுபடி பச்சை தலைகாட்டியிருந்தது. வயல்களுக்கு நடுவே மரம் அடர்ந்த ஒரு மலை. உயரம் 199 மீட்டர். இன்று சுற்றிலும் நிலமாகத் தெரிந்தாலும், நொபுனாகா காலத்தில் இது ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனை. அடிவாரத்தில் அலை மோதிக்கொண்டிருந்தது. ஏரியின் கிளைகளைத் தூர்த்து வயலாக்கியது 20-ம் நூற்றாண்டில். சைக்கிளில் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவர் ஏன் இந்த மலையைப் பிடித்தார் என்பது விளங்கும். அவருடைய பழைய தலைநகரான கிஃபூவுக்கும் பேரரசர் இருந்த கியோட்டோவுக்கும் இடையில் இது இருக்கிறது. கிழக்கே போகும் பெருவழி பக்கத்திலேயே ஓடுகிறது. படகு ஏறினால் ஏரி வழியாகத் தலைநகரின் வாசலுக்கே போய்விடலாம்.

மலை இப்போது சோகென்ஜி என்ற கோயிலின் பொறுப்பில் இருக்கிறது. வாசலில் சீட்டு வாங்கும் இடத்தில் மூங்கில் கைத்தடிகள் அடுக்கியிருந்தன. ஒன்று எடுத்துக்கொண்டேன். எடுத்தது நல்லதாயிற்று.

உள்ளே நுழைந்ததும் எதிரே நேராக மேலேறும் கல் படிக்கட்டு. ஓத்தேமிச்சி என்கிறார்கள். பிரதான வழி. அகலம் 6 மீட்டர் அளவில், நீளம் 180 மீட்டர் அளவில், ஒரு வளைவும் இல்லாமல் மலையைப் பிளந்துகொண்டு போகிறது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நேற்று ஹிமெஜியில் பார்த்தது நேர் எதிர். அங்கே ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு திருப்பம், ஒரு கதவு, மேலிருந்து அம்பெய்ய ஒரு துளை. எதிரி திணற வேண்டும் என்பதற்காகவே போட்ட பாதை அது. அஸூச்சியில் வருகிறவருக்கு வழி விரித்து வைத்திருக்கிறார்கள். பேரரசரை இங்கே வரவழைக்க நொபுனாகா திட்டமிட்டிருந்தார், அந்த ஊர்வலத்துக்கான பாதை இது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. மேலே கிடைத்த ஓர் அரண்மனையின் அடித்தளம் கியோட்டோ அரண்மனையில் பேரரசர் வசித்த கட்டடத்தின் அமைப்பை ஒத்திருப்பதையும் சான்றாகக் காட்டுகிறார்கள்.

இந்தப் படிகளை இன்று நாம் இப்படி நிமிர்ந்து பார்க்க முடிவதற்குக் காரணம், ஷிகா மாகாண அரசு 1989-ல் தொடங்கி 20 ஆண்டுகள் நடத்திய அகழாய்வும் சீரமைப்பும். அதற்கு முன் பெரும்பகுதி மண்ணுக்கும் காட்டுக்கும் அடியில் கிடந்தது. அவசரமில்லாமல் ஒரு மலைக்கு 20 ஆண்டு ஒதுக்கிய அந்த மனநிலைமீது எனக்குப் பெரிய மரியாதை.

ஏறும்போது இடப்பக்கம் ஹிதேயோஷியின் வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடம், வலப்பக்கம் மயேதா தொஷியியேயின் வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடம். தளபதிகளையெல்லாம் தன் வாசலிலேயே குடிவைத்திருக்கிறார். இப்போது மேடையும் சுவரும் மட்டும். சுவர்களைத் தொட்டுப் பார்த்தேன். செதுக்காத கல். மலையில் கிடைத்தபடியே எடுத்து, முகம் பார்த்து, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் மேடு உட்காரும்படி அடுக்கியிருக்கிறார்கள். சாந்து கிடையாது. ஏரியின் மறுகரையில் ஹியேய் மலையடிவாரத்தில் சகமோட்டோ என்ற ஊரைச் சேர்ந்த அனோ கல்தச்சர்கள் இந்த வேலைக்குப் பேர்போனவர்கள். அதே ஹியேய் மலையின் மடாலயங்களை 1571-ல் எரித்தவர் நொபுனாகாதான். அந்த மலையடிவாரத்துக் கைகளே அவருக்குச் சுவர் எழுப்பியதாகச் சொல்கிறார்கள். அஸூச்சிக்குப் பிறகு நாடெங்கும் கோட்டைச் சுவர்களுக்கு அவர்களை அழைத்தார்கள். சகமோட்டோவில் அந்தத் தொழில் இன்றும் நடக்கிறது.

பாதி தூரம் ஏறியிருப்போம். "அக்கா, கீழ பாத்து வா. அதுல கால் வெச்சுடாத" என்று தம்பி கையைப் பிடித்தான். படிக்கல்லாகக் கிடந்தது ஒரு புத்தர். முழங்கை நீளம்தான் இருக்கும். முகம் தேய்ந்து, கூப்பிய கையின் கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. பக்கத்தில் ஒரு பலகை, சின்னதாய்க் காணிக்கை வைக்கும் இடம், சில நாணயங்கள். மேலே போகப் போக இப்படி இன்னும் பல. கட்டும்போது கல் போதாமல் சுற்றுவட்டாரத்திலிருந்து வழிபாட்டுக் கற்களையும் கல்லறைக் கற்களையும் வாரிக்கொண்டு வந்து படியில் போட்டிருக்கிறார்கள். அகழ்ந்தபோது வெளிவந்தவற்றை, கிடந்த இடத்திலேயே விட்டு அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உடம்பு கூசியது. நம் ஊரில் தெரியாமல் கால் பட்டுவிட்டாலே குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நம் கோயில்களிலும் திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுள்ள கற்களைப் படியாகவும் தளமாகவும் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுத்தின்மேல் நடந்துபோவோம். இங்கே உருவத்தின்மேல். எங்களுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு புத்தரிடமும் நின்று தலைதாழ்த்திவிட்டுப் போனார். தம்பி பேச்சுக் கொடுத்தான். பக்கத்து ஊராம். வாரம் ஒருமுறை ஏறுகிறாராம், முழங்காலுக்கு நல்லதென்று. "கால் வெச்சுட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேளுடா" என்றேன். மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன் என்றார். பிறகு, வலப்பக்க ஓரமாக நடந்தால் அடுத்த இரண்டும் காலில் படாது என்று வழியும் சொன்னார்.

நேர்ப்படி முடிந்ததும் பாதை வளைந்து செங்குத்தாகிறது. கைத்தடி உதவியது இங்கேதான். கருங்கதவு என்ற பெயரில் ஒரு வாசல் இருந்த இடத்தில் கற்கள் திடீரென்று பெரிதாகின்றன. இந்த மலைக்கு இழுத்துவந்த பாம்புக்கல் என்ற பெரும்பாறையைப் பற்றி, நொபுனாகாவின் வாழ்க்கையை எழுதிய ஓட்டா கியூஇச்சி குறித்து வைத்திருக்கிறார். பத்தாயிரம் பேர் இரவும் பகலுமாக மூன்று நாள் இழுத்ததாம். போர்த்துகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃபுரோயிஸ், ஒரு பெருங்கல் சரிந்ததில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் நசுங்கிச் செத்ததாக எழுதியிருக்கிறார். அவ்வளவு பெரிய கல்லை இத்தனை ஆண்டு தேடியும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மண்ணுக்குள் எங்கோ கிடக்கலாம்.

உச்சி.

டென்ஷு நின்ற மேடை. டென்ஷு என்றால் கோட்டையின் தலைமைக் கோபுரம். இப்போது அங்கே அடித்தளக் கற்கள் வரிசை வரிசையாய், கட்டம் போட்டதுபோல் தரையில் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு தூண் நின்றது. நடுமையத்தில் மட்டும் கல் இல்லை. கோபுரத்தின் நட்டநடுவில் தூண் ஏன் இல்லை என்று பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார்கள். உள்ளே பல மாடி உயரத்துக்கு வெற்றிடம் விட்டு, கீழே ஒரு பௌத்தத் தூபி வைத்திருந்தார் என்பது ஒரு வாதம். ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. எனக்கு அந்தத் தீர்ப்பைவிட, நான்கு பக்கமும் கல் இருக்க நடுவில் ஒன்றுமில்லாத அந்தத் தரையைப் பார்ப்பதே போதுமாக இருந்தது.

ஃபுரோயிஸ் இந்தக் கோபுரத்தை நேரில் பார்த்தவர். உள்ளும் புறமும் ஏழு தளம், ஒரு தளம் வெள்ளைச் சுவரும் கருப்பு அரக்குப் பூசிய ஜன்னலுமாக, வேறு தளங்கள் சிவப்பும் நீலமுமாக, உச்சித்தளம் முழுக்கப் பொன்னாக இருந்ததென்று எழுதினார். உள்ளே சுவர் ஓவியங்கள் கானோ எய்டோகு தீட்டியவை. 1581-ல், முன்னோருக்கு விளக்கேற்றும் ‘ஓபோன்’ திருநாளன்று, ஊரில் மற்ற விளக்குகளை அணைக்கச் சொல்லிவிட்டுக் கோபுரம் முழுக்க விளக்கு கட்டித் தொங்கவிட்டார்கள். ஏரியில் படகுகளில் தீவட்டி பிடித்து ஆட்கள் நின்றார்கள். அஸூச்சிக்கு வந்திருந்த ஏசு சபை மேலாளர் வலிஞ்ஞானோவும் அதைப் பார்த்தார். மறு ஆண்டு புத்தாண்டன்று உறவினர்களையும் பிரபுக்களையும் உள்ளே விட்டுச் சுற்றிக்காட்டி, ஆளுக்கு நூறு மோன் காசு வசூலித்ததாகவும் ஓட்டா எழுதியிருக்கிறார். கோட்டையை ஊரார் பார்க்க வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

1582 ஜூனில் கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் தங்கியிருந்தபோது சொந்தத் தளபதி அகெச்சி மிட்சுஹிதே சூழ்ந்துகொண்டார். நொபுனாகா அங்கேயே மாண்டார். இரண்டு வாரத்துக்குள் அஸூச்சிக் கோபுரமும் எரிந்துபோனது. கட்டி முடித்து மூன்றே ஆண்டு. தீ வைத்தது மிட்சுஹிதேயின் ஆட்களா, நொபுனாகாவின் மகன் நொபுகாட்சுவா, கொள்ளையடிக்க வந்த கூட்டமா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. எரிந்தது உச்சியைச் சுற்றிய பகுதி மட்டும்தான் என்று அகழாய்வில் தெரிந்திருக்கிறது.

கோபுரம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரே ஒரு பெரிய படம் இருந்தது. நொபுனாகா வரைவித்த மடிப்புத்திரை ஓவியம். அதை வலிஞ்ஞானோவுக்குக் கொடுத்தார். ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட நான்கு ஜப்பானியச் சிறுவர்களின் தூதுக்குழுவோடு அது மக்காவு, மலாக்கா, கொச்சி, கோவா என்று கடல்கடந்து, 1585-ல் ரோமில் போப் பதின்மூன்றாம் கிரகோரியின் கைக்குப் போய்ச்சேர்ந்தது. வத்திக்கானில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பிறகு காணாமல் போயிற்று. இன்னும் தேடுகிறார்கள். நம் கடற்கரை ஓரமாக அந்தத் திரை போயிருக்கிறது என்று நினைத்தபோது, இந்த மலைக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரம் சட்டென்று குறைந்தது.

இறங்கும்போது வேறு பாதை. சோகென்ஜியின் பழைய இடத்தில் மூன்றடுக்குப் பகோடா ஒன்று இன்னும் நிற்கிறது. 1454-ல் வேறொரு கோயிலுக்காகக் கட்டியதை நொபுனாகா பிரித்துக்கொண்டு வந்து இங்கே நிறுத்தினார். அவருடைய பொற்கோபுரம் போயிற்று, கொண்டுவந்து வைத்த பழைய மரம் தப்பித்துக்கொண்டது. அங்கிருந்து பார்த்தால் நிஷினோகோ என்ற ஏரிக்கிளை விரிந்து கிடக்கிறது. மேப்பிள் இலைகள் சிவந்து கொட்டும் பருவம். ஆட்கள் அதிகமில்லை. இங்கே இன்னும் ஒருமணிநேரம் உட்கார்ந்திருக்கலாம்.

சைக்கிளில் நொபுனாகா அருங்காட்சியகம் போனோம். கோபுரத்தின் மேல் இரண்டு தளங்களை முழு அளவில் கட்டி உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். 1992-ல் ஸ்பெயினின் செவில் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது, பிறகு இங்கே வந்தது. எண்கோண வடிவில் செக்கச்செவேல் என்ற தளம், அதன்மேல் பொன்தளம். அருமையான கைவேலை. ஆனால் முதலில் இதைப் பார்த்துவிட்டு மலையேறுகிறவர்கள் உச்சியில் கோபுரத்தைத் தேடுவார்கள் என்று தோன்றியது. மலை முதலில், இது பிறகு.

மதியம், ஹிகோனே

ரயிலில் இருபது நிமிடம். வாங்கி வைத்திருந்த சோற்றுருண்டைகளை ஸ்டேஷன் பெஞ்சிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் ஏறினோம்.

1600-ல் செகிகஹாரா போரில் டொகுகாவா இயெயாசு வென்றார். தோற்ற பக்கத்தின் தலைவர் இஷிதா மிட்சுனாரியின் சவயாமா கோட்டை ஹிகோனேக்குப் பக்கத்து மலையில் இருந்தது. அதை இயெயாசு தன் தளபதி இயி நவோமாசாவுக்குக் கொடுத்தார். படை முழுவதையும் சிவப்புக் கவசத்தில் நிறுத்தியவர் நவோமாசா. ஆனால் போரில் பட்ட காயத்தோடு இருந்து 1602-ல் இறந்துவிட்டார். அவர் குடும்பம் மிட்சுனாரியின் மலையை விட்டிறங்கி, ஏரியை ஒட்டிய இந்தக் குன்றில் புதுக்கோட்டை தொடங்கியது. ஒசாகாவில் எதிரியான ஹிதேயோஷியின் குடும்பம் இன்னும் உயிரோடு இருந்ததால் அவசரம். அக்கம்பக்கத்துக் கோட்டைகளைப் பிரித்து மரத்தையும் கல்லையும் கொண்டு வந்தார்கள். கோபுரம் ஓட்சு கோட்டையிலிருந்து வந்தது, ஒரு வாசற்கட்டடம் நாகஹாமாவிலிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அஸூச்சியின் கற்களும் இங்கே வந்ததாகச் சொல்கிறார்கள். காலையில் மேலே பார்த்த சுவர்களில் இருந்த வெற்றிடங்கள் நினைவுக்கு வந்தன.

அகழி தாண்டி ஏறினால், படிகளின் உயரமும் அகலமும் ஒன்றுபோல் இல்லை. வேண்டுமென்றே அப்படி. ஓடிவருகிறவன் தடுமாற வேண்டும். பாதை ஒரு மரப்பாலத்துக்கு அடியில் நுழைந்து, சுற்றிவந்து, அதே பாலத்தின் மேலாக உள்ளே போகிறது. போர் வந்தால் பாலத்தைத் தள்ளிவிடலாம். தள்ளிவிட்டால் மேலே போக வழியே இல்லை. பாலத்தின் எதிரே தென்பின் யகுரா. தராசுபோல் இரண்டு பக்கமும் சமமாய் விரிந்த வாசற்கட்டடம். அதன் கீழ்ச் சுவரைப் பார்க்கத் தவறாதீர்கள். வலப்பக்கம் ஆரம்பகால அடுக்கு: நீளக் கற்களின் சிறிய முனை வெளியே தெரிய, உடல் உள்ளே போயிருக்கிறது. இடப்பக்கம் 1854-ல் திருத்திக் கட்டியது. கற்கள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்து உட்கார்ந்திருக்கின்றன. கைமாறியது எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

கோபுரம் சின்னதுதான். மூன்றே அடுக்கு. ஹிமெஜிக்குப் பக்கத்தில் நிறுத்தினால் குழந்தை. ஆனால் அதன் முகம்! முக்கோண முகடுகளும் வளைந்த முகடுகளும் ஒன்றோடொன்று முட்டாமல் மாறி மாறி வந்து, மேல் தளங்களில் மணிவடிவ ஜன்னல்களும் சேர்ந்து, எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் வேறு கட்டடமாகத் தெரிகிறது. ஜப்பானில் பழைய டென்ஷு அப்படியே பிழைத்து நிற்கும் கோட்டைகள் 12. அவற்றில் தேசியப் பொக்கிஷம் என்ற தகுதி பெற்றவை ஐந்து: ஹிமெஜி, மாட்சுமோட்டோ, இனுயாமா, மாட்சுஎ, ஹிகோனே. மற்ற ஊர்களில் நாம் படமெடுத்துக்கொள்ளும் பல கோபுரங்கள் 20-ம் நூற்றாண்டில் கான்கிரீட்டில் எழுப்பியவை. உள்ளே லிஃப்ட் இருக்கும். ஒசாகாவே அப்படித்தான்.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனோம். முதல் படிக்கட்டிலேயே தம்பி, "முன்னாடி நீ ஏறுக்கா, நான் பின்னாடி வரேன்" என்று நின்றுகொண்டான். செங்குத்தான படி 62 டிகிரி. பழைய வீட்டுப் பரணுக்குச் சாத்திய ஏணியில் ஏறுவதுபோல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது. மேலே உத்தரங்கள். வளைந்த மரத்தை வளைந்தபடியே போட்டிருக்கிறார்கள், அதன்மேல் வாய்ச்சி செதுக்கிய தடம் வரிவரியாக இருக்கிறது. 1957 முதல் 1960 வரை கோபுரத்தைப் பிரித்துச் சீரமைத்தபோது, இந்த மரங்களில் வேறொரு கட்டடத்துக்காகத் தச்சர்கள் போட்ட குறிகள் கிடைத்தன. இங்கே வருவதற்கு முன் இவை இன்னொரு கோபுரத்தைத் தாங்கியவை என்பது அப்போது உறுதியானது.

சுவரில் முக்கோணமாகவும் சதுரமாகவும் துளைகள். அம்புக்கும் துப்பாக்கிக்கும். வெளியே போய்ப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசி மூடியிருக்கிறார்கள். தேவைப்பட்டால் உள்ளிருந்து உடைத்துக்கொள்ளலாம். தேவையே வரவில்லை. இந்தக் கோட்டை ஒரு முற்றுகையையும் பார்க்கவில்லை. மேல் ஜன்னலில் ஒருபக்கம் பிவா ஏரி, மறுபக்கம் சவயாமா. மிட்சுனாரியின் கோட்டையில் இப்போது ஒன்றுமில்லை, மரம்தான்.

இந்தக் கோபுரம் பிழைத்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1873-ல் மெய்ஜி அரசு கோட்டைகளை ஒழிக்கும் ஆணை போட்டது. நாடெங்கும் பிரித்து விற்றார்கள். ஹிகோனேயும் இடிபட இருந்தது. 1878-ல் பேரரசர் இந்த வழியாகப் பயணம் வந்தபோது, உடன் வந்த ஓகுமா ஷிகெனோபு இதை விட்டுவைக்கும்படி எடுத்துச் சொன்னதாகவும், பேரரசர் காக்கச் சொன்னதாகவும் வரலாறு. அஸூச்சிக்காகப் பேச யாரும் இல்லை. ஹிகோனேக்கு ஒருவர் வாய் திறந்தார்.

இறங்கும்போது மூன்று மணி. கோட்டை மணி அடித்தது. கை அடிக்கும் மணி, கருவி அடிப்பதில்லை.

கீழே குதிரை லாயத்தைத் தவறவிட வேண்டாம். கோட்டைக்குள் இருந்த பழைய லாயம் அப்படியே நிற்பது ஜப்பானில் இங்கேதான். 21 குதிரை கட்டலாம். கோபுரத்துக்கு நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1677-ல் நான்காம் பிரபு நவோஒகி அமைத்த கென்க்யூஎன் தோட்டத்தில், குளத்தோரம் உட்கார்ந்து ஒரு கிண்ணம் மட்சா குடித்தோம். குளத்துக்கு அப்பால், மரங்களுக்கு மேலே கோபுரம்.

மாலை, அகழிக்கரை வீடு

கடைசியாகப் பார்த்தது, அகழிக்கரையில் இருக்கும் ஓர் எளிய வீடு. உமோரேகி-நோ-யா. இதற்காகவே இந்த ஊருக்கு வரலாம் என்பேன்.

இயி நவோசுகே 11-ம் பிரபுவின் 14-வது மகன். பிறந்தது 1815-ல். பட்டம் வர வாய்ப்பே இல்லாத பிள்ளை. 17 வயதில் இந்த வீட்டுக்கு அனுப்பினார்கள், ஆண்டுக்கு 300 மூட்டை அரிசிப் படியோடு. 32 வயதுவரை 15 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். தேநீர்க் கலை, ஜென், வாள்வீச்சு, கவிதை என்று கற்றுக்கொண்டே இருந்தார். அறைகளும் சின்ன தேநீர்க் கூடமும் அப்படியே இருக்கின்றன. பிறகு அண்ணனின் வாரிசு இறக்க, வரிசை இவரிடம் வந்தது. 1850-ல் பிரபு. 1858-ல் தாய்ரோ, அதாவது பேரரசர் பெயரில் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனுக்கு அடுத்த தலைமைப் பதவி. அதே ஆண்டு பேரரசரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அமெரிக்காவோடு வணிக ஒப்பந்தம் போட்டார். எதிர்த்தவர்களைக் கடுமையாக ஒடுக்கினார். ஆசிரியரும் சிந்தனையாளருமான யோஷிதா ஷோயின் போன்றவர்கள் மரண தண்டனை பெற்றார்கள். 1860 மார்ச் 24, எடோவில் (இன்றைய டோக்கியோ) ஷோகுனின் கோட்டையின் சகுராதா வாசலுக்கு வெளியே, பனி கொட்டிக்கொண்டிருந்த காலையில், பல்லக்கில் வைத்தே அவரைக் கொன்றார்கள். காவலர்கள் பனிக்காக வாள்பிடியில் உறை போட்டிருந்தார்கள். உருவுவதற்குள் முடிந்துவிட்டது. கொன்ற 18 பேரில் 17 பேர், ஷோகுனின் உறவுக் குடும்பம் ஒன்று ஆண்ட மிட்டோவைச் சேர்ந்தவர்கள்.

நாட்டைத் திறந்துவிட்டவர் என்று ஒரு பக்கம், கொடுங்கோலர் என்று மறுபக்கம். எனக்கு அவரை மன்னிக்கவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. ஷோயினைக் கொன்றது பெரும்பாவம். ஆனால் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் 15 ஆண்டு ஒரு மனிதர் தினமும் படித்துக்கொண்டிருந்த அறையில் நின்றபோது, அவர்மேல் மதிப்பு வராமல் போகவில்லை. ஹிகோனேயும் மிட்டோவும் பகை மறந்து நட்பு நகரங்களானது 1968-ல். 108 ஆண்டு ஆகியிருக்கிறது.

நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. கியோட்டோவுக்கு விரைவு ரயில் 50 நிமிடம், மாற வேண்டியதில்லை. அஸூச்சிக்கு மட்டும் போவதானாலும் நல்ல பிடிமானமுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள், மழைநாளில் அந்தக் கற்களில் ஏற வேண்டாம். ஹிகோனே கோபுரத்துக்குள் சேலையோடு ஏறுவது கஷ்டம்.

நாளை கியோட்டோவின் நிஜோ கோட்டை. நவோசுகே இறந்து ஏழாண்டில், 1867-ல், ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பித் தரும் முடிவைக் கடைசி ஷோகுன் யோஷினோபு அங்கே கூடிய பிரபுக்களின் ஆட்களிடம் அறிவித்தார். யோஷினோபு பிறந்தது மிட்டோ குடும்பத்தில். அவருடைய தந்தையை வீட்டுக்காவலில் வைத்தவர் நவோசுகே. எட்டே முக்காலுக்குத் திறக்கிறார்கள், அதற்கு முன்பே வாசலில் இருக்க வேண்டும்.